பின்னச்சை நாமே பிரிக்கலாமா?

ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அண்மையில் ஓர் அங்கத்தினரின் களம் இருக்கிறது. கடன் பத்திரங்களைச் சரிபார்க்கும் பணிக்காகச் சென்ற மாதம் அங்கே சென்றிருந்தேன். வந்த காரியம் முடிந்ததும் அவர் என்னைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று தம் டிராக்டரைக் காட்டினார்.

"பின்பக்கம் ஊளையிடுகிறது ஐயா. டிபரென்ஷியல் போய்விட்டது என்கிறார்கள். பெரம்பலூரில் பிரித்துக் கட்டுவதற்குச் சொல்லும் கூலியைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. பையன் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு, நாமே பிரித்துப் போடலாம் என்கிறான். நீங்கள் நாலு சங்கம் பார்க்கிறவர். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

கடன், வட்டி, பங்குத்தொகை பற்றிய கேள்வியாயிருந்தால் அங்கேயே விடை கூறியிருப்பேன். இதற்கு விடை கூற நா எழவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுகிறேன். இது அவர் ஒருவருடைய கேள்வியும் அன்று. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இந்தப் பக்கத்தில் உழவு மாடுகள் அருகிவிட்டன. டிராக்டர் வைத்திருப்போர், டிராக்டரை வாடகைக்கு விடும் சங்கங்கள், ஜெயங்கொண்டம் பக்கத்தில் சுமை வண்டி வைத்துக்கொண்டு நூலும் சேலையும் ஏற்றும் நெசவாளர் ஆகிய எல்லோருக்கும் என்றேனும் ஒருநாள் இக்கேள்வி வந்தே தீரும்.

முதலில் அந்தப் பொருள் இன்னதென்று அறிந்துகொள்வோம். மாட்டு வண்டிக்கு டிபரென்ஷியல் இல்லை, தேவையும் இல்லை. அதன் இரண்டு சக்கரங்களும் இருசில் தனித்தனியே சுழல்கின்றன. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓடுகின்றன. ஒன்றை மற்றொன்று தடுப்பதில்லை. மோட்டார் வண்டியிலோ சக்கரங்களையே யந்திரம் சுழற்றுகிறது. ஒரே தண்டில் இரண்டையும் இறுக்கிவிட்டால் வளைவுதோறும் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடும். ஆகவே இரண்டுக்கும் விசையைப் பகிர்ந்தளித்து, அதே சமயம் வெவ்வேறு வேகத்தில் ஓடவும் இடம் கொடுக்கும் ஒரு பற்சக்கரக் கூண்டை நடுவில் வைத்தார்கள். நுகத்தடியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நுகம் இரு மாடுகளுக்கும் பாரத்தைச் சமமாகப் பகிர்கிறது. ஒரு மாடு தளர்ந்து நின்றுவிட்டால் மற்றொரு மாட்டின் பலமும் பயனற்றுப் போகிறது. மழை பெய்த கரிசலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழல, மற்றது அசையாமல் நிற்பதற்கும் காரணம் இதுவே. அச்சமயத்தில் இரண்டையும் பூட்டுவதற்குத்தான் டிராக்டரில் 'லாக்' மிதி வைத்திருக்கிறார்கள். சேற்றைத் தாண்டியதும் அதை விட்டுவிட வேண்டும். விடாமல் வரப்பு ஓரத்தில் வண்டியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பல்லின் மீது எவ்வளவு சுமை விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் பகுதி டிபரென்ஷியல்களில் கணிசமானவை தேய்ந்து போனவையல்ல, இவ்வாறு முறிக்கப்பட்டவை என்பது என் அபிப்பிராயம்.

நெசவாளர் நேயர்களுக்கு ஒரு செய்தி. இந்தப் பற்சக்கர ஏற்பாட்டை மோட்டார்க்காரர்கள் கையாள்வதற்கு நெடுங்காலம் முன்பே பஞ்சாலை கையாண்டது. நூற்பதற்கு முந்திய கட்டத்தில் பஞ்சுத் திரியை முறுக்கிக் கட்டையில் சுற்றும் யந்திரத்தில், சுற்று பருக்கப் பருக்கக் கட்டையின் வேகத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். இல்லையேல் திரி அறும். அதற்கென ஆசா ஆர்னால்டு என்னும் அமெரிக்கர் இதே தத்துவத்தில் ஒரு பற்சக்கர அமைப்புச் செய்து 1823இல் காப்புரிமை பெற்றார். எனவே, "இது உழவர் சமாசாரம், நமக்கென்ன?" என்று நம் நெசவாளர்கள் இப்பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

இனி, நான் மௌனமாக நின்றதன் காரணத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்த்து வந்த சங்கங்களுள் ஒன்றில் வாடகை டிராக்டர் ஒன்று இருந்தது. ஆடி மாதத்தில் அதன் பின்னச்சில் சத்தம் எழுந்தது. காரியதரிசி முறைப்படி விலைப்புள்ளிகள் வாங்கினார். திருச்சியில் இருந்த ஒரு பட்டறையின் தொகை மற்றவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு. சங்கத்தின் ஓட்டுநரோ, "உதிரிப் பாகம் மட்டும் வாங்கிக் கொடுங்கள், நானே மாட்டிவிடுகிறேன்" என்றார். நல்ல உழைப்பாளி, எண்ணெய் மாற்றுவது, கிளட்ச் தகடு மாற்றுவது எல்லாம் அவர் கையாலேயே நடந்து வந்தன. காரியதரிசி என்னிடம் வாய்மொழியாக யோசனை கேட்டார். உயர்ந்த தொகையை ஏற்றால் தணிக்கையில் கேள்வி வரும்; 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வை வரை போகுமோ என்று அவருக்கு அச்சம். எனக்கும் அதே அச்சம் இருந்தது என்பதை ஒளிக்காமல் கூறுகிறேன். "குறைந்த செலவில் முடியுமானால் அதையே செய்யுங்கள்" என்றேன்.

ஓட்டுநர் இரண்டே நாளில் வேலையை முடித்தார். சத்தம் நின்றது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆவணியில் மழை விழுந்து மக்காச்சோள விதைப்புக்கு உழவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, காட்டின் நடுவே கிரவுன் சக்கரத்தின் பற்கள் முறிந்து, முறிந்த துண்டுகள் பினியனுக்குள் புகுந்து, வெளிக்கூடே வெடித்தது. புதுக் கூடு, புதுச் சக்கரங்கள், மீண்டும் கூலி என்று திருச்சிப் பட்டறை முதலில் கேட்ட தொகையைப்போல் மும்மடங்கு செலவாயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் ஏறாதது. ஈரம் காய்வதற்குள் உழவேண்டிய அங்கத்தினர்கள் தனியார் டிராக்டருக்குக் காத்துக் கிடந்து கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள். சிலருக்கு விதைப்பே பிந்தியது. நிர்வாகக் குழு ஓட்டுநரைக் குற்றம் சாட்டியது. அவர் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். யோசனை சொன்ன என்னை எவரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் செய்த பிழை யாது? பின்னாளில் ஒரு முதிய மெக்கானிக் அந்த முறிந்த சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கினார். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று கவ்வும்போது பற்களுக்கிடையே ஒரு நுண்ணிய இடைவெளி இருக்க வேண்டும். பேக்லாஷ் என்பது அதுவே. அதன் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். எனினும் பல வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். இரண்டு மூன்று தலைமயிர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனைவிடக் குறைந்தால் எண்ணெய் புக வழியின்றிப் பல் சூடேறித் தீயும். மிகுந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் பல்லின் மேல் சம்மட்டி அடி விழும். இதைச் சரிசெய்வதற்கு ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டும். அளந்து பார்க்க டயல் கேஜ் வேண்டும்; அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும். பினியன் பேரிங்கை எவ்வளவு இறுக்குவது என்பதற்கும் கணக்குண்டு. அதனைக் கை அறியாது, கருவிதான் அறியும். பிறகு பற்களில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, பல்லின் நடுவில் தொடுகிறதா, விளிம்பில் தொடுகிறதா என்று தடத்தைப் படிக்க வேண்டும். நம் ஓட்டுநர் பழைய ஷிம்களையே மீண்டும் போட்டு, கையால் ஆட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார். போதாக்குறைக்குப் பழைய பினியனோடு புதுக் கிரவுனைச் சேர்த்தார். இவ்விரண்டும் ஆலையில் ஒன்றோடொன்று தேய்த்து இணைசேர்க்கப்பட்டவை, இணைபிரித்து மாற்றலாகாதவை. ஒன்றை மட்டும் வாங்கினால் செலவு குறையும் என்று அவரிடம் சொன்னவர்கள் நாங்கள்!

ஆகவே அந்த மனிதருக்குத் திறமை குறைவு என்று நான் கூறமாட்டேன். அவர் கையில் அளவுகோல் இல்லை. சங்கம் அதை வாங்கித் தரவில்லை. வாங்க வேண்டும் என்று ஆய்வுக் குறிப்பில் நானும் எழுதியதில்லை.

இவ்வளவும் சொன்னதனால், "எல்லாவற்றையும் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்" என்று நான் கூறுவதாக எண்ணிவிடக் கூடாது. தானே செய்து வெற்றி கண்டவரையும் அறிவேன். ராணுவத்தில் மோட்டார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அங்கத்தினர் தம் பழைய டிராக்டரின் பின்னச்சை வீட்டு வாசலிலேயே பிரித்துக் கட்டினார். அவர் அதைச் செய்தது பங்குனியில். காட்டில் வேலையில்லாத காலம். பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேட்டை முன்னமே தேடி வாங்கி வைத்திருந்தார். டயல் கேஜை ஒரு லேத் பட்டறையில் இரவல் பெற்றார். பேரிங் மூடிகளைக் கழற்றுமுன் இடம் எது, வலம் எது என்று உளியால் குறியிட்டார். அவை மாறினால் பேரிங் நேராக உட்காராது. வண்டியைப் பிரிக்கும்போது ஜாக்கியை நம்பாமல் இரும்புத் தாங்கிகள் கொடுத்தார். இந்தக் கடைசி விஷயத்தை நம்மவர்கள் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள். டிராக்டரில் பின்னச்சு என்பது தனியே கழற்றி மேசைமேல் வைக்கும் பொருள் அன்று. அதுவே வண்டியின் உடல். அதைப் பிரிப்பது வண்டியையே இரண்டாக்குவதாகும். செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்திவிட்டு அடியில் படுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

அப்பெரியவரையும் நம் ஓட்டுநரையும் ஒப்பிட்டால், ஒருவர் தாமே செய்தார், மற்றவரும் தாமே செய்தார். வேறுபாடு அளந்ததிலும் காலத்திலும் இருக்கிறது. ஆகையால் "நானே செய்யலாமா, கூலிக்கு விடலாமா?" என்பது முதற்கேள்வியாக இருத்தலாகாது. "அளக்கக் கருவி இருக்கிறதா? வண்டி பத்து நாள் படுத்திருந்தால் எவர் காடு காயும்?" என்பனவே முதற்கேள்விகள். இவ்விரண்டுக்கும் தக்க விடை இல்லையெனில், கைப்பேசியில் எத்தனை படம் பார்த்தாலும் பின்னச்சைத் திறக்க வேண்டாம் என்பதே என் முடிந்த கருத்து. வண்டிக்கு உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. நாம் திறந்தால் கம்பெனி கைவிட்டுவிடும்.

நெசவாளர் வீட்டில் இதற்கு ஒரு நடைமுறை நெடுங்காலமாக உண்டு. நாடா பழுதானால் தாமே சரிசெய்துகொள்வார். அறுந்த இழையைத் தாமே பிணைப்பார். ஜக்கார்டு அட்டை குத்துவதற்கு மட்டும் அதற்கென இருப்பவரைத் தேடிப் போவார். அதனால் அவருடைய தொழில் கௌரவம் குறைந்ததென்று எவரும் கருதியதில்லை.

திறக்காமலே உரியவர் செய்துகொள்ள வேண்டிய வேலை ஏராளமாக இருக்கிறது. அதைச் செய்யாமல் பட்டறைக்குப் போவதும் ஒருவகை ஊதாரித்தனமே. சத்தம் எப்போது எழுகிறது என்று கவனியுங்கள். வண்டி திரும்பும்போது மட்டும் எழுந்தால் பெரும்பாலும் கூண்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களில் கோளாறு. இழுக்கும்போது ஊளையிட்டு, விசையைக் குறைத்ததும் மாறினால் கிரவுனையும் பினியனையும் சந்தேகிக்கலாம். எப்போதும் ஒரே சீராக உறுமினால் பேரிங்கை நினையுங்கள். சுமை வண்டியாயிருந்தால் நீளத் தண்டின் இணைப்பையும் சக்கரப் பேரிங்கையும் பார்த்துவிட்டே பின்னச்சைக் குறைகூற வேண்டும். நிரபராதியான டிபரென்ஷியலைப் பிரித்துக் கெடுத்தவர்கள் பலர். பிறகு எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். காந்த மூடியில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்வு. செதிலோ துண்டோ கிடந்தால் வண்டியை அன்றே நிறுத்துங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிதாக ஊற்றும்போது கடைக்காரர் கொடுத்ததை ஊற்றாமல் கையேடு சொன்னதையே ஊற்ற வேண்டும். இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் பின்னச்சு, பிரேக்கு, தூக்கி ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய். லாரிக்குரிய கெட்டி எண்ணெயை அதில் ஊற்றினால் பிரேக்கு கெடும்.

பட்டறைக்குச் சென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு செல்ல வேண்டாம். டயல் கேஜ் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். "எனக்குக் கைக்கணக்கு" என்று பதில் வந்தால் வணக்கம் கூறி வந்துவிடுங்கள். சாயத் தடத்தை மூடுவதற்குமுன் காட்டச் சொல்லுங்கள். பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எண்ணெயில் மரத்தூளைக் கலந்து சத்தத்தை அமுக்கி விற்கும் தந்திரம் பழைய வண்டிச் சந்தையில் மிகப் பழையது. அதே புத்தியுள்ளவர்கள் பட்டறையிலும் இல்லாமலில்லை.

நமக்கு, அதாவது சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு, மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. தனியாளுக்கு டயல் கேஜும், முறுக்கு அளவுச் சாவியும், பேரிங் இழுப்பானும், தாங்கிகளும் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ பயன்படும்; அதற்காக அவர் வாங்கமாட்டார், வாங்கவும் தேவையில்லை. நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி வைத்தால் வாடகைக்கு விட்டே முதலை எடுத்துவிடலாம். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும் வேலைக்கு நாலு வீட்டார் கூடுவதில்லையா? கருவியோடு ஆளும் வேண்டும். ஆந்திரத்தில் அனந்தப்பூர் மாவட்டத்துக் கார்லதின்னேயில் தென்மண்டலப் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையம் 1983 முதல் இருந்து வருகிறது. மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ளது இன்னும் மூத்தது, 1955இல் தொடங்கியது. டிராக்டரைப் பழுதுபார்க்கும் பயிற்சி இவற்றில் கிடைக்கிறது. சங்கத்துச் செலவில் ஒரு வாலிபரை அங்கே அனுப்பினால், சங்கங்களின் டிராக்டர்களை அவரே பார்த்துக்கொள்வார். அந்த ஓட்டுநரை அவ்வாறு அனுப்பியிருந்தால் அவர் இன்று நம்மிடமே இருந்திருப்பார்.

கையேடுகளும் பாகங்களும் கிடைப்பதில்லை என்று சிலர் கூறுவர். அக்குறை உண்மையே, உலகெங்கும் உள்ளதே. அமெரிக்காவில் உழவர் தம் டிராக்டரைத் தாமே பழுதுபார்க்கவொட்டாமல் தடுக்கிறது என்று ஜான் டீர் கம்பெனியின்மீது அந்நாட்டு வாணிக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில் மைய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. வேளாண் கருவிகளும் அதன் வரம்பில் அடங்கும். தனியாளாகக் கையேடு கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதைக்கும், முந்நூறு அங்கத்தினர் சார்பில் சங்கம் கேட்டால் கிடைக்கும் மரியாதைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

காரியதரிசிமாருக்கும் ஒரு வார்த்தை. விலைப்புள்ளி கேட்கும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கருவியால் அளப்பீர்கள், கிரவுனையும் பினியனையும் இணையாக மாற்றுவீர்களா, எத்தனை நாளில் தருவீர்கள், எத்தனை மாதம் பொறுப்பேற்பீர்கள் என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள். இவற்றுக்கு விடை தராத குறைந்த தொகையை ஏன் தள்ளினோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். காரணம் எழுதிய உயர்ந்த தொகைக்கு நான் ஆட்சேபம் எழுப்பமாட்டேன். என் வட்டத்துச் சங்கங்களுக்கு இவ்வாண்டு அனுப்பிய ஆய்வுக் குறிப்புகளில் இதைச் சேர்த்திருக்கிறேன்.

ரஞ்சன்குடி அங்கத்தினருக்கு அன்று கொட்டகையில் நான் கூறியது சுருக்கமே: "பையனை எண்ணெயை மட்டும் வடிக்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள்." இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பையனே பேசினான். சத்தம் எல்லா வேகத்திலும் ஒரே சீராக வருகிறதாம். துணியில் செதில் செதிலாக இரும்பு நின்றதாம். பொட்டலம் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்குச் செல்லும்படி கூறினேன். அங்கே ஒருபக்கப் பேரிங் உதிர்ந்திருந்தது. கிரவுனுக்கும் பினியனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலை நடந்த மூன்று நாளும் பையன் பட்டறையிலேயே இருந்திருக்கிறான். கடைசியாக டயல் கேஜின் முள் எங்கே நின்றது என்பதைக் கையேட்டின் ஓரத்தில் எழுதி வந்திருக்கிறான்: 0.22. டிராக்டர் இப்போது உழவில் இருக்கிறது.